ஐந்து வயதில் வாட்டர் கலர்: வண்ணம் சேறாகாமல், தாள் கிழியாமல்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. 24 நிற வாட்டர் கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். எதை வரைந்தாலும் பழுப்பாகிவிடுகிறது, தாளும் கிழிகிறது. கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் தாளை மாற்றுங்கள். பிரின்டரில் போடும் தாள் 70–80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). நீர் பட்டதும் மேடு பள்ளமாகும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். அதைச் சரிசெய்யக் குழந்தை அதே இடத்தைத் தேய்க்கத் தேய்க்க, நார் திரண்டு ஓட்டை விழுகிறது. வாட்டர் கலருக்கான தாளில், நீரைச் சட்டென்று உறிஞ்சாதபடி பசை சேர்த்திருப்பார்கள். 300 ஜிஎஸ்எம் எடையில், சற்றுச் சொரசொரப்பான ‘கோல்டு பிரஸ்’ (cold press) வகையை வாங்குங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டி ஒரு துண்டு கொடுத்தால் போதும். ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டிவிடுங்கள். கையில் இருக்கும் பணத்தை வண்ணத்தைவிடத் தாளுக்குச் செலவிடுவதே நல்லது.

அடுத்தது அந்த 24 நிறங்கள். எலுமிச்சை மஞ்சள், மெஜந்தா, நீலம் மூன்றும் போதும். மற்றவற்றை மூடி வையுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது. மூன்றும் கலந்தால் மிஞ்சுவது பழுப்போ சாம்பலோதான். அதனால் முதல் நாள் மஞ்சளும் நீலமும் மட்டும். எப்படிக் கலந்தாலும் பச்சைதான் வரும், கெட்டுப்போக வழியே இல்லை. மறுநாள் மஞ்சளும் மெஜந்தாவும். மூன்றாம் நாள் மூன்றையும் கொடுத்து, “மண் நிறம் எப்படி வரும், கண்டுபிடி பார்க்கலாம்” என்று கேளுங்கள். அழவைத்த பழுப்பை அன்று அவளே தேடிப் போவாள்.

தண்ணீருக்கு அடி கனமான இரண்டு கிண்ணங்களைப் பாதியளவு நிரப்பி வையுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, மற்றது புதிதாக நீர் தொட. பக்கத்தில் ஒரு பழைய துணி. 8-ஆம் எண் வட்ட நைலான் பிரஷ் பொருத்தம். மெல்லிய பிரஷ் கொடுத்தால் அழுத்தித் தேய்ப்பாள். கட்டி வண்ணமென்றால் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே இரண்டு சொட்டு நீர் விட்டு ஊறவையுங்கள்.

குழந்தை கற்க வேண்டியதில் முக்கியமானது ஈரத்தைப் பார்ப்பது. தாளை வெறும் நீரால் நனைத்துச் சாய்த்துக் காட்டுங்கள். மினுமினுக்கும்போது வண்ணம் தொட்டால் அழகாகப் பரவும். மினுமினுப்பு மங்கி ஈரம் மட்டும் இருக்கையில் நீர்ப் பிரஷை வைத்தால், புது நீர் வண்ணத்தை விளிம்புக்குத் தள்ளி, காலிஃபிளவர் போன்ற கறை விழும். கறை விழட்டும், ஒருமுறை பார்த்தால் காத்திருக்கப் பழகுவாள். காய்ந்ததா என்று அறியப் புறங்கையை வைக்கச் சொல்லுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அந்த இடைவெளியில் இன்னொரு துண்டுத் தாளில் வெள்ளை மெழுகு கிரேயானால் அழுத்தி வரையட்டும். மேலே வண்ணம் பூசினால், மெழுகு நீரை ஒட்டவிடாததால் மறைந்திருந்த கோடுகள் வெளியே வரும்.

ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். பிரஷ் வாய்க்குப் போகும் வயது என்பதால் நச்சற்றது என்று குறிக்கப்பட்ட, குழந்தைகளுக்கான வண்ணமே வேண்டும். ஓவியர்களின் டியூப்களில் சிலவற்றில் காட்மியம், கோபால்ட் இருக்கும். கழுவிய பிரஷைப் படுக்கவைத்தே உலர்த்துங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் நீர் உலோகப் பிடிக்குள் இறங்கிப் பசையை இளக்கும், முடி உதிரும்.