பிளாட்டினம் இல்லாமல், வெறும் வெளிச்சத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முடியுமா?

முடியும். ஆய்வகத்தில் நானே எடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘தண்ணீரிலிருந்து’ என்ற சொல்லில்தான் வில்லங்கம்.

நான் மல்லுக்கட்டியது காட்மியம் சல்ஃபைடோடு. மஞ்சள் தூள், கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஒரு பக்கம், அது விட்டுப்போன காலியிடம் ஒரு பக்கம் என்று பிரியும். எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனாக்கித் தர மேலே ஒரு துணை வினையூக்கி வேண்டும். பிளாட்டினம் அதில் கெட்டிக்காரன்: ஹைட்ரஜன் அணுவை இறுக்கியும் பிடிக்காது, நழுவவும் விடாது. மாலிப்டினம் டைசல்ஃபைடும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன, அதன் ஏடுகளின் விளிம்புதான் உழைக்கும், தட்டைப் பரப்பு சும்மா கிடக்கும். நிக்கல் பாஸ்பைடும் நன்றாகவே வேலை செய்யும். பாக்டீரியாக்களின் ஹைட்ரஜனேஸ் நொதிகள் இரும்பையும் நிக்கலையும் வைத்தே காலம் தள்ளுகின்றன.

சரி, வில்லங்கம் எங்கே? குடுவையில் லாக்டிக் அமிலமும் கலந்திருப்போம். காலியிடங்களை நிரப்புவது அதுதான். நிரப்பி நிரப்பியே தீர்ந்துபோகும். அது இல்லாவிட்டால் காலியிடங்கள் காட்மியம் சல்ஃபைடையே அரித்துவிடும். ஹைட்ரஜன் வரும், ஆக்சிஜன் வராது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்குத் தண்ணீரிடமிருந்து நாலு எலக்ட்ரானைப் பறிக்க வேண்டும்; கஷ்டமே அந்தப் பாதியில்தான். எனவே எந்த ஆய்வுக் கட்டுரையானாலும் ஹைட்ரஜன் கணக்கைப் பார்க்கும் முன், குடுவையில் வேறென்ன இருந்தது என்று பாருங்கள்.

அமிலம் எதுவும் இல்லாமல், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல் நிக்கல் ஆக்சைடை வைத்து 1980லேயே நீராவியைப் பிரித்திருக்கிறார்கள். அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும், சூரிய ஒளியில் அது கொஞ்சம்தான். 2021இல் ஜப்பானியக் குழு ஒன்று 100 சதுர மீட்டர் பலகையை வெயிலில் ஓட்டிக் காட்டியது. சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக்கும் திறன் அதிகபட்சம் 0.76%. அதிலும் பிளாட்டினம் போலவே விலையுயர்ந்த உலோகமான ரோடியம் இருந்தது!

இன்னொன்று. ஒருமுறை துணை வினையூக்கியே போடாத வெறும் தூள் ஏகப்பட்ட ஹைட்ரஜனைக் கொட்டியது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் பார்த்தால், கலக்கிவிடும் காந்தக் குச்சியின் வெள்ளை டெஃப்லான் உறையில் லேசாகச் சாம்பல் கறை. முந்தைய வாரம் பிளாட்டினம் போட்ட குடுவையில் சுற்றிய குச்சி அது. பிளாட்டினத்தையும் கரைக்கும் இராஜ திராவகத்தில் ஊறவைத்துக் கழுவி மறுபடி ஓட்டினோம். வரைபடத்தில் மலைபோல் நின்ற ஹைட்ரஜன், சின்ன மேடாகச் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து பிளாட்டினத்துக்குத் தனி டப்பா, தனிக் குச்சி.