2023 சீசனில் சாம்பியனான மிச்சிகன் பல்கலைக்கழக அணி 2024இலும் ஜெயிக்குமா?

கஷ்டம்தான். (கேள்வி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றியது, கால்பந்து இல்லை; பதில் 2024 சீசன் தொடங்கும் முன் எழுதியது.) 15 ஆட்டத்தையும் ஜெயித்த அணியில் இப்போது மிச்சம் யார்? பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) மெக்கார்த்தி உட்பட 13 பேரை, கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் அள்ளிக்கொண்டார்கள்.

எனக்குப் பெரிய கவலை முன்வரிசைதான். குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நின்ற ஐந்து பேரும் கிளம்பியாச்சு. பந்து கைக்கு வந்ததும் மூன்று விநாடி நிம்மதியாக நிற்க முடியாவிட்டால், எவ்வளவு திறமைசாலியும் கண்ணை மூடிக்கொண்டுதான் எறிவார். அதிலும் வரப்போகிற குவார்ட்டர்பேக் புதியவர்.

தடுப்பாட்டம் பலம்தான். மேசன் கிரஹாம் நடுவில் நின்றால் பந்தோடு ஓடிவருகிறவருக்கு வழி கிடையாது. ஆனால் அட்டவணையைப் பாருங்கள்: செப்டம்பர் 7 டெக்சாஸ் அணியோடு, நவம்பர் 30 ஒஹாயோ ஸ்டேட் அணியோடு, அதுவும் ஒஹாயோவின் மைதானத்தில். சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றில் இனி 12 அணிகள் என்பதால் ஒன்றிரண்டு தோல்வியைத் தாங்கலாம். என் கணக்கு, 12 ஆட்டத்தில் 8 வெற்றி.