டெரகோட்டா நகைக்கு விலை போடும்போது உங்கள் கூலியை எங்கே எழுதினீர்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 35. சம்பளம் 17,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, 8 வருட சர்வீஸ். யூடியூப் பார்த்து நானே டெரகோட்டா நகை செய்யக் கற்றுக்கொண்டேன். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மாதம் சராசரியாக 63 செட் விற்றது. ஒரு செட் 350 ரூபாய். வரவு 22,000, செலவு 9,000, லாபம் 13,000. மாமியார் கோத்துக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை கணவர் சுட்டுத் தருவார். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு செட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. பத்து செட் சுட்டால் ஒன்றிரண்டு விரிசல் விடுகிறது. வேலையை விட்டுவிட்டு, 8 பவுனை அடகு வைத்து 3 லட்சம் வாங்கி, எலக்ட்ரிக் சூளையும் மொத்தமாகச் சரக்கும் வாங்கலாமா? முறையாகப் படிக்காததால் விலையை ஏற்றவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. சூளையைவிட, நகைக்கடனைவிட, அந்தத் தயக்கம்தான் உங்களை மாதாமாதம் பணம் இழக்க வைக்கிறது. வேலையையும் பவுனையும் இப்போது தொட வேண்டாம். முதலில் விலையைப் பார்ப்போம்.

நீங்கள் லாபம் என்று எழுதியிருக்கும் 13,000 ரூபாயில் மூன்று பேருடைய கூலி இருக்கிறது. 63 செட்டுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 157 மணி நேரம். போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, பபுள் கவர் சுற்றி கூரியர் ஆபீசுக்கு ஓடுவது எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் என்று குறைவாகவே வைக்கிறேன். 13,000 ரூபாயை 187 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 70 ரூபாய்கூட வரவில்லை. கம்பெனியிலோ மாதம் 26 நாள், 8 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 82 ரூபாய் வாங்குகிறீர்கள். அதற்கு மேல் முதலாளியின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு. இரவு கண் விழித்துச் செய்யும் வேலைக்குப் பகல் வேலையைவிடக் குறைந்த கூலி!

உங்கள் 9,000 ரூபாய் செலவில் சில்லறைச் செலவு போக, மண், பெயின்ட், வார்னிஷ், ஹூக், கயிறு, பெட்டி, விறகு எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு 130 ரூபாய் ஆகிறது. மணிக்கு 90 ரூபாய் கூலி போட்டால் இரண்டரை மணி நேரத்துக்கு 225. ஆக 355. விரிசல் விட்டு வீணாகும் செட்டுகளுக்காக இதில் 15 சதவீதம், அதாவது 53 ரூபாய் சேருங்கள். போட்டோ, பேக்கிங் வேலைக்கு 43. மொத்தம் 451. நீங்கள் 350-க்கு விற்கிறீர்கள். ஒவ்வொரு செட்டிலும் 100 ரூபாய் உங்கள் வீட்டார் உழைப்பிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகிறது.

விலையை ஏற்றினால் ஆள் குறைவார்களே என்பீர்கள். குறையட்டும். 450 ரூபாய்க்கு 48 செட்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 21,600. பொருள் செலவும் சில்லறைச் செலவும் போக 14,500 ரூபாய்க்கு மேல் நிற்கும். 15 செட் குறைவாகச் செய்து, 37 மணி நேரம் மிச்சம் பிடித்து, இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலாக வாங்குகிறீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றத் தயக்கமாக இருந்தால் புது டிசைன்களை மட்டும் 450-க்குப் போடுங்கள். பழைய டிசைன்கள் தீரும்வரை பழைய விலையிலேயே போகட்டும். நகையை வாங்குகிறவர் உங்கள் சான்றிதழைப் பார்த்து வாங்குவதில்லை. வண்ணத்தையும், காதில் கனக்காத ஜிமிக்கியையும், ஹூக் கழன்று விழாததையும் பார்த்துத்தான் திரும்ப வருகிறார். கண்ணால் பார்த்தும் கையால் கெடுத்துமே கற்றுக்கொண்டு மாதம் 63 செட் விற்கிறீர்கள். அந்தக் கைக்குக் கூலி கேட்பதில் கூச்சம் எதற்கு?

அப்புறம் சூளை. விரிசலுக்குச் சூளைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண்ணுக்குள் ஈரம் மிச்சம் இருந்தால், சூடு ஏறும்போது அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். அதில்தான் பல செட்டுகள் வெடிக்கின்றன. நிழலில் இன்னும் இரண்டு நாள் காயவிட்டு, ஆரம்பத்தில் தீயை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவர் இருந்தால், ஒருநாள் கூலி கொடுத்து அவர் சுடுவதைக் கூடவே இருந்து பாருங்கள். ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதைவிட இதற்குப் பலன் அதிகம். அதன் பிறகும் சூளை வேண்டும் என்று தோன்றினால், உங்கள் வீட்டு மின் இணைப்பு அதைத் தாங்குமா, தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்று மின்வாரியத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு மாத யூனிட் கூடினால் ஸ்லாப்பும் ஏறும்.

அந்தச் சூளைக்குப் பவுனை வைக்க வேண்டாம். சிறுதொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிசு பிரிவில் அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இணையத்தில் முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். ஆனால் இரண்டையும் செய்யும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்ற மானியக் கடன்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். நீங்கள் அதில் வருவீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த அடி வையுங்கள். மொத்தச் சரக்குக்குக் கடன் வாங்குவதை நான் ஒப்பவே மாட்டேன். மணியும் பெயின்ட்டும் அலமாரியில் தூங்கும், வட்டி தூங்காது.

வேலையை விடுவது பற்றி. நீங்கள் சொல்லும் சராசரி நவராத்திரி, தீபாவளி, பொங்கல் எல்லாம் வந்துபோன ஆறு மாதம். கொலுவுக்கு வைத்துக் கொடுக்க வாங்குகிறவர்கள் ஏப்ரலில் வரமாட்டார்கள். ஆடியில் கல்யாணமும் இல்லை. முழுசாக 12 மாதக் கணக்கு எழுதுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஜி-பே பணம் முழுவதும் அதில் வரும்படி செய்யுங்கள். இன்னொன்று, பி.எஃப்.பில் ஓய்வூதியத் தகுதிக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு இன்னும் 2 வருடம்தான் பாக்கி. வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவமும் நின்றுபோகும், குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் நீங்களே எடுக்க வேண்டும். புது விலையில், ஆடி மாதத்தையும் சேர்த்து, மாமியார், கணவர் கூலி போக உங்கள் கையில் மாதம் 20,000 ரூபாய் நின்றால், ஆறு மாத வீட்டுச் செலவும் கையில் இருந்தால், அப்போது விடலாம். அந்த 2 வருடத்தைத் தாண்டிவிட்டு விட்டால் இன்னும் நிம்மதி.

வரி இப்போதைக்குப் பெரிய கவலை இல்லை. சம்பளமும் இதுவும் சேர்ந்தாலும் புதிய வருமான வரி முறையில் வரி இல்லாத 4 லட்சத்துக்குள்தான் வருகிறது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், நாளை வங்கியில் அதுதான் உங்கள் வருமானச் சான்று. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்புகிறீர்கள் என்றால் விதி வேறு. கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, நிபந்தனையோடு. ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்காட்சியில் ஸ்டால் போடக் கூப்பிட்டால், வாடகையை 320-ஆல் வகுத்துப் பாருங்கள். 450 ரூபாய் செட்டில் பொருள் செலவு போக நிற்பது அவ்வளவுதான். வாடகை 6,000 என்றால் முதல் 19 செட் வாடகைக்கே சரி. இரண்டு நாளில் 40 செட்டாவது போகும் என்று அங்கே முன்பு கடை போட்டவர்கள் சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள்.