ராஸ்பெர்ரிக்குள் வெள்ளைப் புழு: வினாகிரிப் போத்தலால் ஏன் தீரவில்லை?

சுவிட்சர்லாந்தில் பேர்ன் பக்கம் குடும்பத் தோட்டக் காணி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் வாசகி ஒருவரின் கேள்வி இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"இலையுதிர் காலத்தில் காய்க்கும் ராஸ்பெர்ரி இரண்டு வரிசை, ஒரு செர்ரி மரம் வைத்திருக்கிறோம். செடியில் பார்க்கும்போது பழம் நல்லாத்தான் இருக்கிறது, வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அடுத்த நாளே தண்ணீராகிப் போகிறது, உள்ளே சின்னச் சின்ன வெள்ளைப் புழு. செர்ரியிலும் புழுதான். செடிகளுக்கு நடுவே வினாகிரி ஊற்றிப் போத்தல்கள் கட்டினேன், ஈ நிறைய விழுகிறது, ஆனால் புழு குறையவில்லை. தெரியாமல் பிள்ளைகள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள், ஏதாவது ஆகுமா? பக்கத்துக் காணிக்காரர் மருந்து அடி என்கிறார். பேசாமல் மரத்தை வெட்டிவிடலாமா?"

பிள்ளைகளைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். அந்தப் புழு மனிதருக்கு நோய் எதையும் தராது, வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். புளித்து நாறிய பழத்தைக் கொடுக்காதீர்கள், அது புழுவால் அல்ல, பழம் கெட்டதால். மரத்தை வெட்ட வேண்டாம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ராஸ்பெர்ரியில் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இது டிரோசோஃபிலா சுசூக்கி என்ற ஈ. உங்கள் ஊரில் கிர்ஷ்எஸ்ஸிக்ஃபிளீகெ என்பார்கள். பூர்வீகம் கிழக்காசியா. 2008இல் கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தென்பட்டது, 2011இல் சுவிட்சர்லாந்தில் பதிவானது, 2014இல் மிதமான குளிர்காலமும் ஈரமான கோடையும் சேர்ந்து வந்தபோது பழத்தோட்டக்காரர்களும் திராட்சைக்காரர்களும் இதன் முழு பலத்தைப் பார்த்தார்கள். பழத்துக்குள் இருக்கும் முட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் நல்ல பழம் என்று பெட்டியில் அடுக்கி அனுப்பினாலே போதும், ஈயும் கூடவே போய்விடும்.

சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்ன ஈயும் இதன் சொந்தம்தான், ஆனால் அது அழுகியதையும் வெடித்ததையும் தேடிப் போவது. சுசூக்கி அப்படியில்லை. இதன் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பில் ரம்பம் மாதிரிப் பற்கள் வரிசையாக இருக்கின்றன, அதைக் கொண்டு நிறம் மாறத் தொடங்கிய, காயமே இல்லாத பழத்தின் தோலை அறுத்து உள்ளே முட்டை வைத்துவிடும். ஒரு பெண் தன் ஆயுளில் 300க்கும் மேல் முட்டையிடக்கூடும். 25 டிகிரி வெப்பம் இருந்தால் முட்டை பத்துப் பன்னிரண்டு நாளில் முழு ஈயாகிவிடும். அதனால் ஜூனில் கொஞ்சமாக இருக்கும் கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பெருகி செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்கு வருகிறது. உங்கள் ராஸ்பெர்ரி பழுப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். கோடையில் பழுக்கும் வகை வைத்திருப்பவர்களை விட உங்களுக்கு அடி அதிகம் விழுவதற்குக் காரணம் அதுதான், நீங்கள் ஏதோ கவனக்குறைவாக இருந்ததால் அல்ல.

செர்ரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஐரோப்பாவில் செர்ரிக்கென்றே பழைய ஈ ஒன்று உண்டு, ராகோலெட்டிஸ் செராசி. வருடத்துக்கு ஒரே தலைமுறை, பழத்துக்குப் பெரும்பாலும் ஒரே புழு, அது கொட்டையை ஒட்டி இருக்கும், 6 மில்லிமீட்டர் வரை வளரும், பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கும். சுசூக்கியின் புழு அதைவிடச் சின்னது, ஒரே பழத்தில் நாலைந்து கூட இருக்கும், பழத்திலேயே பழுப்பு நிறக் கூட்டுப்புழு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம், அதன் நுனியில் இரண்டு சின்னக் கொம்புகள் இருக்கும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வேலை செய்யும், மரத்தடி மண்ணை நெருக்கமான வலையால் மூடினால் மேலே வரும் ஈயையும் தடுக்கலாம், சுசூக்கிக்கு இரண்டுமே உதவாது. அடுத்த பருவத்தில் ஒரு கைப்பிடி செர்ரியைப் பிளந்து பாருங்கள். ராஸ்பெர்ரிக்கு இன்னும் சுலபமான வழி உண்டு: ஒரு லீட்டர் தண்ணீரில் மூன்று நாலு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் பழத்தை அரை மணி நேரம் போட்டு வைத்தால் புழுக்கள் வெளியே வந்துவிடும்.

சரி, வினாகிரிப் போத்தல். ஈ விழுகிறது என்கிறீர்கள், விழுந்தது எந்த ஈ என்று பார்த்தீர்களா? வடிகட்டி ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுசூக்கி ஆண் ஈயின் இறக்கை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும், கைபேசிக் கமராவில் பெரிதாக்கினால் சந்தேகமே வராது. பெண்ணுக்குப் புள்ளி இல்லை, ரம்பத்தைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். போத்தலில் கிடப்பதில் பெரும்பகுதி சாதாரண சமையலறை ஈயாகவே இருக்கக்கூடும். அப்படியே எல்லாம் சுசூக்கியாக இருந்தாலும், புளித்த வாசனைக்குப் பக்கத்திலேயே பழுக்கிற பழம் தொங்கும்போது முட்டையிடத் தயாராக இருக்கும் பெண் ஈ பழத்துக்குத்தான் போகும். செடி நடுவே கட்டிய போத்தல் வெளியில் இருந்த ஈயையும் உங்கள் வரிசைக்குள் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் போத்தல் நல்லது, ஈயை ஒழிக்க அல்ல. ஆப்பிள் வினாகிரி, சிவப்பு வைன், தண்ணீர் மூன்றும் சம அளவு, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, போத்தலின் மேல்பக்கம் 3 மில்லிமீட்டர் துளைகள் சில. தேனீயும் குளவியும் உள்ளே போகாத அளவு அது. காணியின் வேலியோரம் நிழலில் ஒன்றிரண்டு மட்டும் தொங்கவிடுங்கள், செடி நடுவே இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பக்கத்துக் காணிக்காரர் சொல்லும் மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முட்டையும் புழுவும் பழத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன, தெளிப்பது மேலே இருக்கும் ஈயைத்தான் கொல்லும், இரண்டு நாளில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது ஈ வரும். இலையுதிர் ராஸ்பெர்ரி பூவும் பழமுமாக ஒரே நேரத்தில் நிற்கிற செடி, பூவுக்குத் தேனீ வந்துகொண்டிருக்கும்போது ஸ்பினோசாட் மாதிரியான மருந்தைத் தெளித்தால் தேனீயும் சாகும். தெளித்த பிறகு பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்களில் பழம் செடியிலேயே பழுத்து அழுகி, நாம் தடுக்க நினைத்த ஈக்கே விருந்தாகிவிடும். கலிபோர்னியாவின் ராஸ்பெர்ரித் தோட்டங்களில் ஸ்பினோசாட்டுக்கு அசராத ஈக்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டன.

ஈ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதைச் செய்வதென்பது தானாகப் புரியும். குளிர்காலத்தில் இது புழுவாகவோ முட்டையாகவோ இருப்பதில்லை, வளர்ந்த ஈயாகவே, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் கருமையாகவும் மாறி, காட்டோரத்துச் சருகுக்குள் ஒதுங்கியிருக்கும். வசந்தத்தில் ஐவிக் கொடியின் பழத்திலும் புல்லுருவிப் பழத்திலும் முதல் தலைமுறையைத் தொடங்கி, பிறகு செர்ரி, ராஸ்பெர்ரி, கரும்பெர்ரி, ஹொலுண்டர் (எல்டர்பெர்ரி) என்று பழுக்கிற வரிசையிலேயே நகர்ந்துபோகும். ஐரோப்பாவில் காட்டுச் செடிகளும் அலங்காரச் செடிகளுமாக 80க்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழத்திலிருந்து இந்த ஈ வெளிவந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆக, ஈயே இல்லாத ஊர் என்று இனி ஒன்று கிடையாது, அதை நினைத்து வேலியை எல்லாம் வெட்டிச் சாய்ப்பதும் வீண். வரிசையை ஒட்டிப் படர்ந்திருக்கும் கரும்பெர்ரிப் புதரை மட்டும் குறைத்தால் போதும். உங்களால் உண்மையில் கட்டுப்படுத்த முடிவது உங்கள் காணியில் பழுக்கும் பழத்தைத்தான்.

பறிப்பதில் தொடங்குங்கள். பழுக்கத் தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், முடிந்தால் தினமும், எல்லாப் பழத்தையும் பறிக்க வேண்டும். நல்லது மட்டும் எடுத்துவிட்டுக் கெட்டதைச் செடியில் விடுவதுதான் மிகப் பரவலான தவறு. இரண்டு பாத்திரம் கொண்டுபோங்கள், ஒன்று சாப்பிட, ஒன்று அழிக்க. கீழே விழுந்ததையும் பொறுக்குங்கள். கெட்ட பழத்தைக் கம்போஸ்ட் குவியலில் போட்டால் அங்கே நிம்மதியாக வளர்ந்து திரும்பி வரும், மண்ணில் மேலாகப் புதைத்தாலும் ஈ துளைத்துக்கொண்டு வந்துவிடும். தடித்த பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் சில நாள் போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள், வெயில் இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் நிறைந்த மூடி போட்ட வாளியில் ஊறவையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு பழத்தில் இருக்கும் சில புழுக்கள் இரண்டு வாரத்தில் முட்டையிடும் ஈக்களாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பறித்ததை உடனே ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் வையுங்கள். 1, 2 டிகிரியில் மூன்று நாள் இருந்தால் முட்டையிலும் சின்னப் புழுவிலும் ஒரு பகுதி செத்துவிடும், வழக்கமான 4, 5 டிகிரியில் வளர்ச்சி நின்றுபோகும் அளவுக்கு மெதுவாகும். "அடுத்த நாளே தண்ணீராகிறது" என்று எழுதினீர்களே, மேசையில் வெளியே வைத்ததால் இருக்கலாம். ஜாமுக்கு எடுப்பதை நேராக உறைபெட்டியில் போட்டுவிடுங்கள்.

இந்த ஈ நிழலையும் ஈரத்தையும் விரும்பும். 30 டிகிரிக்கு மேல் போய்க் காற்றும் உலர்ந்துவிட்டால் முட்டையிடுவது குறைகிறது. அதனால் ராஸ்பெர்ரித் தண்டுகளை அடர்த்தியாக விடாமல் ஒரு மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு தண்டு என்று கழித்துவிடுங்கள், நடுவில் வெயிலும் காற்றும் புகட்டும். இலை நனைய மேலிருந்து தண்ணீர் ஊற்றாமல் வேரடியில் விடுங்கள், செடிக்கு அடியில் புல்லை ஒட்ட வெட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியானது வலை. கண்ணி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், பறவைக்குப் போடும் வலை இதற்குக் காணவே காணாது. காய் நிறம் மாறுவதற்கு முன்பே போட வேண்டும், அடிப்பகுதி மண்ணோடு இடைவெளி இல்லாமல் அழுந்தியிருக்க வேண்டும், உள்ளே போய் வரும் வாசல் ஒன்றுமேல் ஒன்று மடிந்து மூட வேண்டும். ஒருமுறை ஈ உள்ளே மாட்டிவிட்டால் வலைக்குள்ளேயே குடும்பம் நடத்தும்.

இங்கேதான் உங்கள் ராஸ்பெர்ரி வகை இடைஞ்சல். இலையுதிர் வகை பூத்துக்கொண்டே பழுப்பதால் வலையை மூடினால் தேனீ வராது, பழம் உதிரி உதிரியாக, ஒழுங்கில்லாமல் வரும். கோடை வகையில் பூ முடிந்த பிறகுதான் பழம், ஆகவே பூ முடிந்ததும் முழுதாக மூடிவிடலாம், ஜூன் கடைசி, ஜூலையில் பழுப்பதால் ஈயும் அப்போது குறைவு. என்னைக் கேட்டால் ஒரு வரிசையையாவது கோடை வகைக்கு மாற்றுங்கள் என்பேன். இருக்கும் இலையுதிர் வரிசையை வலையில்லாமல், தினமும் பறித்து மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் இழப்பு இருக்கும்.

ஈயின் புழுவுக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பாவின் உள்ளூர்க் குளவிகளில் பல இந்தப் புழுவுக்குள் முட்டை வைத்தாலும், புழுவின் இரத்த அணுக்கள் அந்த முட்டையைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடுகின்றன. கிழக்காசியாவில் இந்த ஈயோடு கூடவே வாழ்ந்து பழகிய கனாஸ்பிஸ் என்ற மிகச் சின்னக் குளவிக்கு அந்தத் தடுப்பைத் தாண்டத் தெரியும், நல்ல பழத்துக்குள் இருக்கும் புழுவையே தேடி முட்டை வைக்கும், மனிதரைக் கொட்டாது. பல வருடச் சோதனைக்குப் பிறகு இத்தாலியில் 2021இலும் சுவிட்சர்லாந்தில் 2023இலும் அனுமதி பெற்று வெளியே விட்டார்கள். இதில் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு, ஏனென்றால் உங்கள் வேலிக்கு வெளியே, காட்டோரப் புதரிலேயே ஈயைக் குறைக்கக்கூடியது இது மாதிரி ஓர் இயற்கை எதிரிதான். ஆனால் கடையில் வாங்கி விடுகிற பொருள் அல்ல, இயற்கையில் நிலைபெற வருடங்கள் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம்மவர்களுக்கு இது முக்கியம். ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவருகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மாம்பழத்துக்குள் வேறொரு பழ ஈயின் புழு இருக்கலாம். புழு இருந்த காரணத்தால்தான் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு, 2015 ஜனவரியில் நீக்கியது. சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் பயணிகள் பழம் கொண்டுவரத் தடை உண்டு, அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் மட்டும் விலக்கு. தயவுசெய்து மீறாதீர்கள், சுசூக்கியும் பழத்துக்குள் ஒளிந்துதான் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள்.

செர்ரி மரம் இருக்கட்டும். அறுவடை முடிந்த உடனே, கோடையிலேயே, ஏணி இல்லாமல் எட்டக்கூடிய உயரத்துக்குக் கிளைகளைக் குறைத்துவிடுங்கள், நடுவைத் திறந்துவிடுங்கள். அடுத்த வருடம் காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புவதற்கு முன் முழு மரத்துக்கும் 0.8 வலை போட்டு அடிமரத்தோடு சேர்த்துக் கட்டினால் பழைய ஈயும் புது ஈயும் இரண்டும் நுழையாது. பறிக்கும் காலம் வரும்வரை வலையைத் திறக்காதீர்கள், திறந்த அன்றே மரம் முழுவதையும் காலி செய்துவிடுங்கள்.