நிக்கல்–பெப்டைடு கரைசலில் குறைந்த அந்த 28

கேள்வி: கிளைசில்-கிளைசில்-ஹிஸ்டிடின் என்ற மூன்று அமினோ அமிலப் பெப்டைடுடன் நிக்கல் சேர்த்த மஞ்சள் கரைசலைத் திறந்தபடி பல நாள் வைத்திருந்தேன். நிறை நிறமாலையில் 270-ஓடு 242-இலும் ஓர் உச்சம் வருகிறது. பெப்டைடு தரமில்லாததா? நிக்கலை 3+ ஆக்க ஆக்சோன் (ஓர் ஆக்சிஜனேற்றி உப்பு) சேர்த்தாலும் விளைவு தினம் ஒரு மாதிரி இருக்கிறதே?

பெப்டைடைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். 270 என்பது புரோட்டான் ஏறிய முழுப் பெப்டைடு. அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு போனால் 44 குறையும். ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் 16 கூடும். மொத்தத்தில் 28 குறைந்து மிச்சம் 242. ஹிஸ்டிடினின் கார்பாக்சில் கழன்று, அதே ஆல்பா கார்பனில் ஹைட்ராக்சில் அமர்ந்திருக்கிறது. 1994-இல் பீட்டர் சாட்லர் உள்ளிட்ட குழு இந்த விளைபொருளைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் உறுதி செய்தது. நிறத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது: நான்கு நைட்ரஜன்களும் அப்படியே சதுரத் தளத்தில் நிக்கலைப் பிடித்திருப்பதால் கரைசல் மஞ்சளாகவே இருக்கும். 224, 132 உச்சங்களையும் தேடுங்கள். அந்த ஹைட்ராக்சி சேர்மம் நீரை இழந்தால் 224. உடைந்து கிளைசில்கிளைசின் அமைடு வந்தால் 132.

வெறும் நீரேறிய நிக்கல் 2+ காற்றுக்கு அசையாது. புரோட்டான் இழந்த இரண்டு அமைடு நைட்ரஜன்கள் எலக்ட்ரான்களை அள்ளிக் கொடுப்பதால்தான் 3+ நிலை எட்டும் தூரத்துக்கு வருகிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் டேல் மார்ஜெரம் குழு 1970-களில் அளந்த பெப்டைடு அணைவுகளுக்கு (பெப்டைடு நிக்கலைப் பற்றிய சேர்மங்கள்) 3+/2+ மின்னழுத்தம் சுமார் 0.8 முதல் 0.96 வோல்ட் வரைதான். அந்த 3+ நிக்கல்தான் பிறகு பெப்டைடையே தின்கிறது.

தயாரிப்பு: 29.6 மி.கி. பெப்டைடு, 29.1 மி.கி. நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட், ஆர்கான் குமிழவிட்ட 5 மி.லி. நீர். பெப்டைடு 10 விழுக்காடு கூடுதலாக இருப்பது வேண்டுமென்றே. தனி நிக்கல் மிஞ்சக் கூடாது. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 7.5–8-க்குக் கொண்டுவந்து, 10 மி.லி. ஆக்குங்கள். ஒரு நிக்கலுக்கு மூன்று புரோட்டான் வெளிவரும். ஆகவே சுமார் 3 மி.லி. காரம் போகும். அவசரப்பட்டு ஊற்றினால் பச்சைக் கலங்கல் வரும், அது நிக்கல் ஹைட்ராக்சைடு. முடிவில் 425 நானோமீட்டர் அருகே பட்டை தெரிய வேண்டும். 525-இல் தோள் தெரிந்தால் தாமிரம் கலந்திருக்கிறது. இந்தப் பெப்டைடு நிக்கலைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடிக்கும்.

இனி ஆக்சோன். பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான். முதல் குற்றவாளி குளோரைடு: நிக்கல் குளோரைடோ பெப்டைடின் ஹைட்ரோகுளோரைடு உப்போ எடுத்தால், ஆக்சோன் அதை ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கிவிடும். பிறகு நீங்கள் பார்ப்பது நிக்கலின் வேதியியலா குளோரினுடையதா என்று பிரிக்கவே முடியாது. இரண்டாவது, ஆக்சோன் கரைசல் நல்ல அமிலம். நேரடியாகச் சேர்த்தால் பி.எச். சரிந்து அணைவு பிரிந்துவிடும்; பாஸ்பேட் தாங்கல் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) போதுமான செறிவில் இருக்கட்டும். டிரிஸ், இமிடசோல், அம்மோனியா வேண்டாம், அவை நிக்கலைப் பிடிக்கும். ஹெப்பஸ் என்ற தாங்கலும் வேண்டாம், அதுவே ஆக்சிஜனேற்றம் அடையும். ஆக்சோனை அன்றன்றே கரையுங்கள். எடை போடும்போது செயல்படும் ஒரு மோலுக்கு 307 கிராம் எனக் கணக்கிடுங்கள். 615 என்பது செயல்படும் இரண்டு அலகுகள் கொண்ட முழு உப்பின் எடை; அப்படிக் கணக்கிட்டால் இரட்டிப்பு ஆக்சிஜனேற்றி விழும்.

3+ உருவானதா என்பதற்கு எலக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவே (இணையற்ற எலக்ட்ரானைக் காட்டும் அளவீடு) நம்பகமான சான்று. கலந்த சில நொடிகளில் திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். அந்த நிறமாலையில் உச்சங்களின் இடத்தைக் குறிக்கும் ஜி மதிப்புகளில், செங்குத்து மதிப்பு 2.2 சுற்றிலும், இணை மதிப்பு 2.01 அருகிலும் வரும். இணை மதிப்பு பெரிதாக இருந்தால் அது தாமிரம் 2+.

நீடித்து நிற்கும் 3+ அணைவுதான் தேவையென்றால் இந்தப் பெப்டைடை விட்டுவிட்டு ஆல்பா-அமினோஐசோபியூட்டிரிக் அமிலத்தின் டிரைபெப்டைடை எடுங்கள். அதில் ஆல்பா கார்பனில் பிடுங்குவதற்கு ஹைட்ரஜனே கிடையாது.