இரண்டு லட்சம் கொடுத்தால் பணிவரன்முறை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பட்டதாரி. மூன்று ஆண்டுகளாக ஓர் அரசு அலுவலகத்தில் தனியார் முகமை மூலம் கணினி இயக்குபவராக வேலை பார்க்கிறான். அங்கே இளநிலை உதவியாளர் இடங்கள் காலியாக உள்ளன என்றும், இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் அவனைப் பணிவரன்முறை செய்து, அதாவது நிரந்தர அரசு ஊழியராக்கித் தருவதாகவும் முகமையின் மேற்பார்வையாளர் சொல்கிறார். சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்டால் அலுவலகமும் முகமையும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். என்ன செய்யலாம்? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் இளநிலை உதவியாளர் ஆவதற்கான வழி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுதான். அதில் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண், இடஒதுக்கீடு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று முடிந்துவிடும். இதில் எந்த இடத்திலும் முகமைக்காரருக்கு வேலை இல்லை. இத்தகையவர்கள் முதலில் முன்பணம் வாங்குவார்கள், பிறகு "கோப்பு கோட்டையில் இருக்கிறது" என்பார்கள், ஏதோ ஓர் அரசாணையின் நகலைக் காட்டுவார்கள், அதற்குள் பையனின் அசல் சான்றிதழ்களையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பணத்தை இழப்பதைவிட அசல் சான்றிதழ்களை மீட்பது பெரும்பாடு என்பதால், அவற்றை எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அரசு ஊழியருக்குச் சேர்ப்பிக்கவென்று பணம் கொடுப்பதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

"பல ஆண்டுகள் வேலை பார்த்தால் நீதிமன்றமே நிரந்தரம் ஆக்கிவிடும்" என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பில் உள்ள ஒரு விதிவிலக்கு. அந்தத் தீர்ப்பின் சாரம் இதற்கு நேர்மாறானது: முறையான தேர்வின்றி வந்தவர் பணிவரன்முறையை உரிமையாகக் கோர முடியாது. அனுமதிக்கப்பட்ட காலியிடத்தில், உரிய கல்வித் தகுதியோடு, நீதிமன்ற இடைக்கால உத்தரவின் தயவில்லாமல், அப்போதே பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பணிபுரிந்திருந்தவர்களை மட்டும் ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நெடுங்காலம் உழைத்தவர்களை வெளியேற்ற அந்தத் தீர்ப்பை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்று கண்டித்து, உச்ச நீதிமன்றம் பணிவரன்முறைக்கு உத்தரவிட்டது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவர்கள், நேரடியாகத் துறையே அமர்த்தி, பத்தாண்டுகளுக்கும் மேல் வேலை வாங்கியவர்கள். உங்கள் மகனுக்குச் சம்பளம் தருவது முகமை, அனுபவம் மூன்று ஆண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரை நம்ப வேண்டாம்.

பிடித்தத்துக்கு வருகிறேன். வருங்கால வைப்பு நிதிக்காகத் தொழிலாளியிடமிருந்து பிடிக்க வேண்டியது 12 விழுக்காடுதான். வேலை அளிப்பவரின் பங்கையும் அவன் சம்பளத்திலேயே கழிப்பது இந்தத் தொழிலில் வழக்கமான மோசடி. மத்திய அரசின் உமங் செயலியில் வைப்பு நிதிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, சம்பளச் சீட்டோடு மாதவாரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். முகமை கூலி தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ முதன்மை வேலை அளிப்பவரான அலுவலகமே பொறுப்பு என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் உண்டு, இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் உண்டு. "முகமையைக் கேள்" என்று அலுவலகம் கைகழுவச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நீங்களே எழுதுங்கள்; இதற்கும் ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர்கள் இருக்கிறார்கள். "ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டால் "வினா வடிவில் உள்ளது" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியான பணியிடங்களின் பட்டியல், முகமையோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், ஓர் ஆளுக்கு மாதந்தோறும் முகமைக்கு வழங்கப்படும் தொகைக்கான பில்லின் நகல் என்று ஆவணங்களாகவே கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தப் பணியிடப் பட்டியலைத் துறைகள் தாமாகவே ஆண்டுதோறும் வெளியிட்டிருந்தால் நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. 2024 ஜனவரியில் 6,244 என்று அறிவிக்கப்பட்ட குரூப் 4 இடங்கள், துறைகள் தவணை தவணையாகக் கணக்குக் கொடுத்ததால் இறுதியில் 9,491 ஆயின. ஓய்வு பெறும் நாள் ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டிலும் முன்கூட்டியே தெரிந்திருக்க, எத்தனை இடம் காலியாகும் என்பதை முன்னதாகவே முழுமையாகச் சொல்லாத துறைத் தலைவர் எவரும் அதற்காகப் பதில் சொன்னதாக நான் பார்த்ததில்லை. அந்தக் காலியிடம்தான் முகமைக்கு வியாபாரம், மேற்பார்வையாளருக்குத் தூண்டில்.

பணம் கேட்டதற்கான குறுஞ்செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அலுவலக ஊழியர் எவருக்காவது பங்கு உண்டு என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தால், அதை ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மகன் அடுத்த குரூப் 4 அறிவிக்கை வந்ததும் வயது வரம்பைப் பார்த்து விண்ணப்பிக்கட்டும். தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், படிப்பை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.