பெரியம்மா ஒளித்து வைத்த பிள்ளை

அன்புள்ள அண்ணா,

1977-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெரியப்பா குடும்பம் மலையகத்தை விட்டு வடக்கே வன்னியிலுள்ள கிளிநொச்சிக்குப் போய்விட்டது. நாங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டோம். 2008-இல் புலிகள் போருக்குக் கட்டாயமாகப் பிள்ளை பிடித்தபோது பெரியம்மா தன் மகனை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் அதைச் சொல்லி, "உங்கட ஆக்கள் போராட்டத்துக்கு உண்மையா இருக்கல்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வாசகர், அட்டன்

அன்புள்ள தம்பி,

பெரியம்மா செய்தது சரி. என்னையும் என் அம்மா ஓர் இரவு ஒளித்து வைத்தார்.

2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 25-க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களும்தான் அங்கே இருந்தார்கள். எங்கள் தோட்டமும் பண்டாரவளைப் பக்கம்தான். எனக்கு அப்போது 17 வயது. அன்றிரவு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் விளக்கு ஏற்றவில்லை. அம்மா என்னைப் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த மூலையில் படுக்கவைத்து மேலே சாக்கைப் போட்டார். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கொழுந்து பறிக்க யாரும் மலைக்கு ஏறவில்லை.

இங்கே நம்மைப் புலி என்றார்கள். அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பொடியன் டவுனில் சோதனையில் மாட்டினால் அதுவே குற்றம். 1948 சட்டம் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமை, எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இல்தான் கிடைத்தது; அட்டை எங்கிருந்து வரும்? வன்னியில் அதே சனத்தைப் பார்த்து, போராட்டத்துக்குப் பிள்ளை கொடுக்காதவர்கள் என்கிறார் உங்கள் கலியாண வீட்டுக்காரர்.

அவருக்கு ஒன்று சொல்லுங்கள். விரும்பிப் போய் உயிரைக் கொடுத்த மலையகப் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கேட்டது கடைசியில் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. கலியாணம் முடித்தால் விடுவார்கள் என்று நம்பி, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பிள்ளைகளுக்குத் தாலி கட்டிவைத்த குடும்பங்கள் வன்னி முழுக்க இருந்தன. பதுங்குகுழியிலும் காட்டிலும் பிள்ளையை வைத்துக் காத்தவர்கள் மலையகத்தார் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துத் தாய்மாரும்தான். 1977-இல் அடிவாங்கி, உயிர் பிழைக்க அங்கே போய்க் கூலிவேலை செய்த உங்கள் பெரியம்மாவிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறார்?

பெரியம்மா ஒளித்து வைத்த அந்த மகன் இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கடிதம் கிடைத்ததிலிருந்து அதே நினைவுதான். பெரியம்மா பேசக்கூடிய நிலையில் இருந்தால் போய்ப் பாருங்கள். எங்கே ஒளித்தார், சாப்பாடு எப்படிக் கொண்டுபோனார், எந்த அயல்வீட்டார் தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். இங்கே போடுகிறேன்.